42,000 என்றார்கள்: மாமியாரைச் சேர்த்த மறதி நோய் இல்லம் எப்படி?

மாதம் 42,000 ரூபாய் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். முதல் மாத பில் 57,210. நான் கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். சொன்ன தொகைக்கும் வந்த தொகைக்கும் நடுவே 15,210 ரூபாய் நின்றால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் மரம், காற்று, அமைதியான சூழல் என்று ஆரம்பிக்காமல் பில்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இருவர் தங்கும் அறை, சாப்பாடு, பராமரிப்பு சேர்த்து 42,000. டயப்பர் 96, ஒன்று 45 ரூபாய் வீதம் 4,320. மாத்திரை 2,640. பிசியோதெரபி எட்டு முறை, 3,200. டாக்டர் வந்து பார்த்தது இரண்டு முறை, 1,200. கையுறை, ஈரத் துடைப்பான், பஞ்சு வகையறா 1,850. துணி துவைக்க 2,000. இதுபோக, சேர்க்கும்போதே டெபாசிட் ஒரு லட்சமும் திரும்பி வராத சேர்க்கைக் கட்டணம் 10,000-மும் வாங்கிவிட்டார்கள்.

இல்லத்தின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அத்தை இன்னும் அங்கேதான் இருக்கிறார். கோவைக்கு வெளியே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே, இருபது சொச்சம் பேர் தங்கும் இடம். இவ்வளவு போதும்.

அத்தை உடுமலைப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 79. நரம்பியல் டாக்டர் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது 93, 86, 79, 72, 65 என்று தடுமாறாமல் போனார். டாக்டர்தான் போதும் என்று நிறுத்தினார். நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஒன்றுமில்லை போலிருக்கிறதே என்று. அப்புறம், சற்று முன்பு சொன்ன மூன்று வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார். ஒன்றுகூட வரவில்லை. இது எந்த வருடம் என்று கேட்டதற்கு, "பரீட்சை எல்லாம் முடிஞ்சிருச்சுங்களே" என்றார் அத்தை. பி12, தைராய்டு, எம்ஆர்ஐ எல்லாம் பார்த்துவிட்டு அல்சைமர் என்று எழுதிக் கொடுத்தார்கள். டொனெபெசில், பிறகு மெமன்டைன். இந்த மாத்திரைகள் நோயை நிறுத்தாது, கொஞ்ச காலத்துக்குத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

2023-ல் வெளியான லாசி-டாட் ஆய்வு, இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக மதிப்பிடுகிறது. அதில் பெரும்பங்கு அல்சைமர். இத்தனை பேருக்கும் இல்லம் எங்கே இருக்கிறது? முக்கால்வாசி இடங்களில் மகளும் மருமகளும்தான் இல்லம்.

நாங்களும் முதலில் வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஏஜென்சி மூலம் 24 மணி நேர ஆள் வைத்தோம். நாளுக்கு 900, மாதம் 27,000, சாப்பாடு நம்முடையது. தொகை பரவாயில்லை. ஆள் நிற்கவில்லை. ஒருவர் பழகுவதற்குள் லீவில் போய்விடுவார், ஏஜென்சி வேறு ஒருவரை அனுப்பும். புதிதாக ஒரு முகம் வீட்டுக்குள் நடமாடினால் அத்தைக்குத் திருடர்தான். "யாரோ புகுந்திருக்காங்க கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். ஒருநாள் விடியற்காலையில் கதவைத் திறந்துகொண்டு பள்ளிக்கூடம் போகக் கிளம்பிவிட்டார். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு அருகே பால்காரர் ஒருவர் அடையாளம் கண்டு உட்கார வைத்திருந்தார். அதோடு இல்லம் தேட ஆரம்பித்தோம்.

எங்கே கேட்பது என்று தெரியாதவர்களுக்கு: 14567 என்ற எல்டர்லைன் எண் இலவசம், முதியோர் இல்லங்கள் பற்றிய விவரம் சொல்வார்கள். சென்னைக்காரர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு டெம்கேர்ஸ் என்ற பெயரில் டிமென்ஷியாவுக்கென்றே சேவை நடத்துகிறது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. எங்களைத் திருச்சூர் பக்கம் பார்க்கச் சொன்னவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்றேன். இருக்கும் ஒரு மொழியே நழுவிக்கொண்டிருக்கும்போது மலையாளத்தில் "சோறு உண்டோ" என்று கேட்டால் அத்தை எங்கே போவார்?

எல்லா இல்லமும் பகல் 11 மணிக்கு நன்றாகத்தான் இருக்கும். அந்த நேரத்துக்குத்தான் வரச் சொல்வார்கள். குளித்து, பவுடர் பூசி, வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். இந்த நோய்க்காரர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் பதற்றம் கூடும். வீட்டுக்குப் போகணும் என்பார்கள், அழுவார்கள், கேட்டைப் போய் ஆட்டுவார்கள். ஆள் மாறுகிற நேரமும் அதுவாகவே இருக்கும். நான் வேலை முடிந்து, சொல்லாமல், ஆறு மணி வாக்கில் போய் நின்றேன். ஒரு இடத்தில் உள்ளேயே விடவில்லை. இன்னொரு இடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது, அதற்கு எதிரே ஒரு பெரியவரை நாற்காலியோடு துண்டால் கட்டி வைத்திருந்தார்கள். "விழுந்துடுவாருங்க மேடம்" என்றார்கள். இந்த இல்லத்தில் மூன்று பாட்டிகளை ஒரு அக்கா முற்றத்தில் சுற்றி நடத்திக்கொண்டிருந்தார். அதில் ஒருவர் அழுதுகொண்டேதான் நடந்தார். அழுகிறாரே என்று கேட்டேன். "தினமும் இந்நேரத்துக்கு அழுவாங்க, நடந்தா கொஞ்சம் அடங்கும்" என்றார் அந்த அக்கா. சேர்க்கலாம் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

கட்டடத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, தரை வழுக்காது, கழிப்பறைக் கதவுகளுக்கு மட்டும் தனி நிறம் அடித்திருக்கிறார்கள். வெளிக்கதவு சுவரின் நிறத்திலேயே இருப்பதால் அது கதவு என்றே பலருக்குத் தெரிவதில்லை. சாப்பாடு சுமாருக்கு மேல். சனிக்கிழமை அரிசிம்பருப்புச் சாதம் போடுகிறார்கள், நெய்யும் உண்டு. காபிதான் கழுநீர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி இடத்தில் தனக்கு என்ன நடக்கிறது என்று நம் ஆளால் நமக்குச் சொல்ல முடியாது. சாப்பிட்டீர்களா என்றால் அத்தை சாப்பிட்டேன் என்பார், சாப்பிடாவிட்டாலும். இல்லத்தைக் கேட்டால் "நல்லா இருக்காங்க மேடம்" என்ற ஒரே பதில். அப்படியானால் நமக்கு உண்மை சொல்ல மிஞ்சி இருப்பது அந்த மாதாந்திர பில்தான். பணத்துக்காக மட்டும் அல்ல, அதற்காகவும்தான் அதை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்கிறேன்.

டயப்பர் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 96. அதாவது நாளுக்கு மூன்று. சில மாதம் கழித்து ஒரு மாதம் அது 150-ஐத் தொட்டது. கேட்டால் "நோய் முத்துதுங்க" என்றார் மேனேஜர். அத்தைக்கு இன்றைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை "வாங்க டீச்சரம்மா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனால் கழிப்பறையில்தான் போவார். விசாரித்ததில் அந்த மாதம் பகல் நேர ஆட்கள் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள் என்று தெரிந்தது. கூட்டிப் போக ஆள் இல்லாததால் மாட்டி விட்டுவிட்டார்கள். அதாவது ஆள் குறைந்ததன் செலவு நம் பில்லில் ஏறியிருக்கிறது. அதை மேனேஜரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. புது ஆள் வந்ததும் எண்ணிக்கை நூறுக்குக் கீழே இறங்கியது.

டயப்பரை நாங்களே வாங்கித் தருகிறோம் என்று சொன்னதற்கு முதலில் முடியாது என்றார்கள். எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இல்லையே என்று எடுத்துக் காட்டினேன். சரி என்றார்கள். மொத்தக் கடையில் அதே ரகம் 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாத்திரையும் அப்படித்தான், சீட்டை வாங்கிப் போய் மக்கள் மருந்தகத்தில் வாங்கிக் கொடுக்கிறோம்.

மாத்திரை பில்லில்தான் பெரிய சண்டை வந்தது. ஒரு மாதம் க்வெட்டியாபின் 25 என்று புதிதாக ஒரு வரி இருந்தது. எங்கள் டாக்டர் எழுதியது இல்லை. அந்த வாரம் பார்க்கப் போனபோது அத்தை நடுப்பகலிலும் தலை தொங்கி உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. இரவில் தூங்காமல் நடக்கிறார் என்று கொடுத்திருக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது சாதாரணத் தூக்க மாத்திரை இல்லை, மனநோய்க்கான மருந்து. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. சில நேரங்களில் வேறு வழியில்லாமல் டாக்டர்கள் கொடுக்கத்தான் செய்கிறார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் அதைக் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் நரம்பியல் டாக்டரே போனில் பேசி நிறுத்த வைத்தார். இப்போது புது மருந்து எதுவானாலும் வாட்ஸ்அப்பில் சீட்டின் படம் வந்த பிறகுதான் கொடுக்கிறார்கள். இதற்காக இரண்டு நட்சத்திரம் குறைக்கலாம், ஒன்றோடு விடுகிறேன். கேட்டபின் திருத்திக்கொண்டார்கள்.

பில்லில் வராதது எடை. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். அத்தை 51 கிலோவில் சேர்ந்தார், 47-க்கு வந்துவிட்டார். தட்டு வைத்த இடத்தில் அப்படியே இருந்ததைக் கண்டுபிடித்தது, முற்றத்தில் பாட்டிகளை நடத்திக்கொண்டிருந்தாரே, அதே அக்காதான். போடிநாயக்கனூர்க்காரர், அதனால் போடி அக்கா. டீச்சரம்மா பந்தியில் எல்லோருக்கும் போட்டு முடியும்வரை கை வைக்க மாட்டார், முடிவதற்குள் பசியை மறந்துவிடுவார். சத்துணவு வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்ற பழக்கமாக இருக்கும். இப்போது எல்லோருக்கும் போட்ட பிறகு கடைசியாக அவருக்குப் போட்டு, "பிள்ளைங்க எல்லாம் சாப்பிட்டாச்சு, நீங்க சாப்பிடுங்க" என்கிறார். அத்தை 49-க்கு ஏறியிருக்கிறார்.

இந்த அக்காவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எட்டாவது வரை படித்தவர். ஒரு கோடு போட்ட நோட்டில் கூட்டல், கழித்தல் கணக்குகளைத் தானே போட்டு, வேண்டுமென்றே நாலைந்தைத் தப்பாக எழுதி, சிவப்புப் பேனாவோடு அத்தையிடம் நீட்டுகிறார். நான் கூட உட்கார்ந்து பார்த்தேன். 84 கழித்தல் 37 என்பதற்கு 57 என்று எழுதியிருந்தது. அத்தை பேனா முனையை 4-இன் மேல் ஒரு நொடி நிறுத்தி, 8-ஐ அடித்து மேலே 7 என்று எழுதினார். பிறகு 57-ஐச் சுழித்துவிட்டு 47 என்று போட்டு, அக்காவை நிமிர்ந்து பார்த்து, "கடன் வாங்குனத மறந்துட்ட" என்றார். என் பெயர் அன்றைக்கு அவருக்கு நினைவில்லை. பிசியோதெரபிக்கு ஒரு தடவைக்கு 400 வாங்குகிறார்கள். இந்த நோட்டுக்குப் பில்லில் வரி கிடையாது.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? டயப்பரும் மாத்திரையும் நாங்கள் வாங்கினாலும் மாதம் 54,000-த்துக்குக் குறைவதில்லை. அத்தையின் பென்ஷன் அகவிலைப்படியோடு 36,000 சொச்சம். மீதியை நானும் கணவரும் போடுகிறோம், பெங்களூரில் இருக்கும் நாத்தனார் மாதம் 8,000 அனுப்புகிறார். 80 வயது முடிந்தால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும், அடுத்த வருடம் அது கொஞ்சம் கைகொடுக்கும்.

இன்சூரன்ஸை நம்பாதீர்கள். பென்ஷனர்களுக்கான அரசின் மருத்துவக் காப்பீட்டுக்கு மாதாமாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள். அது மருத்துவமனையில் படுத்தால்தான். 70 வயது தாண்டியோருக்கு 2024-ல் வந்த ஆயுஷ்மான் பாரத்தின் 5 லட்சமும் அப்படித்தான். குளிப்பாட்டுவதற்கும் ஊட்டுவதற்கும் பாதுகாப்பதற்கும் இந்தத் திட்டங்கள் பணம் தருவதில்லை. ஆனால் அல்சைமரில் செலவே அதுதான். சிறுநீர்த் தொற்று வந்து அத்தை மருத்துவமனையில் இருந்தபோது காப்பீடு அங்கே உதவியது. அந்த நாட்களுக்கும் இல்லம் முழு வாடகை வாங்கிக்கொண்டது, அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கையெழுத்துப் போடும்முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வருடாந்திர உயர்வு எத்தனை சதவீதம், டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும், இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வருமான வரியில் சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்குக் கழிவு உண்டு என்பார்கள், 1961 சட்டத்தில் அது 80டிடிபி பிரிவு. டிமென்ஷியா அதில் உண்டு, குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம் வரை கழிவு, பழைய வரிமுறையில் மட்டும். நம்மைச் சார்ந்து இருப்பவர் என்றால்தான் நாம் கேட்க முடியும். பென்ஷன் வாங்கும் அம்மாவை அப்படிக் காட்டுவது சிக்கல். அத்தை தன் பெயரிலேயே கேட்கலாம்தான், ஆனால் புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லாதபோது அவருக்கு அதில் பயன் இல்லை. பென்ஷன் இல்லாத பெற்றோர் என்றால் உங்கள் ஆடிட்டரைக் கட்டாயம் கேளுங்கள்.

பவர் ஆஃப் அட்டர்னி வாங்கி வைத்தால் போதும் என்று சொல்லும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தி இழந்தால் அந்த அதிகாரமும் அதோடு முடிந்துவிடும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அப்புறம் சொத்தை விற்றுச் செலவு செய்ய வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டும். நோயின் ஆரம்பத்தில், தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கு, நாமினி எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

பென்ஷன் நிற்காமல் வர வருடா வருடம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். அதற்கு அத்தையைக் கருவூலம்வரை அழைத்துப் போக வேண்டியதில்லை. அஞ்சல் வங்கி மூலம் தபால்காரரே வருவார், 70 ரூபாய். இல்லத்துக்கே வந்தார். அத்தையின் விரல் ரேகை கருவியில் விழவில்லை, சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரல் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, கடைசியில் முகத்தைப் படம் பிடித்து முடித்தார். இல்லத்துக்காரர்கள் அவருக்கு அந்தக் காபியைக் கொடுத்தார்கள், பாவம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். வரும் ஏப்ரலில் இருந்து 8 சதவீதம் உயர்வு, மாதம் 45,360 என்று கடிதம் வந்திருக்கிறது. வேறு இடம் பார்க்கலாமா என்று கணவர் கேட்டார். இடம் மாற்றினால் அத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், எல்லா முகமும் திருடராகிவிடும். மேனேஜரிடம் நான் வேறு ஒன்று கேட்டேன்: இந்த உயர்வில் போடி அக்காவுக்குச் சம்பளம் எவ்வளவு கூடும்? பார்க்கலாம் மேடம் என்றார். அந்த அக்கா அங்கே வேலையில் இருக்கும்வரை இந்த மூன்றரை செல்லும்.